பதினோரு நிமிட இன்டர்வியூவுக்கு 4,510 ரூபாய்

(அணுபுரத்தில் ஞாயிறு மாலை நடந்த இளைஞர் சந்திப்பில் நம் தகவல் தொழில்நுட்ப அணியின் தன்னார்வலர் ஒருவர் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்து வடிவில் பதிவிடுகிறோம்.)

 

எனக்கு மேடைப் பேச்சு வராது. போஸ்டர் டிசைன் பண்ணுவேன், வீடியோ கட் பண்ணுவேன், அவ்வளவுதான். ஆனா இன்னைக்குத் தலைப்பு வேலை தேடிப் போற பயணம்னு சொன்னதும், இதை நான் பேசறேன்னு நானே கேட்டு வாங்கினேன்.

முதல்ல ஒரு கேள்வி. இங்க இருக்கிறவங்கள்ல வேலைக்காக, தேர்வுக்காக, இன்டர்வியூவுக்காக தமிழ்நாட்டைத் தாண்டிப் போனவங்க கை தூக்குங்க. பாருங்க. முக்கால்வாசிப் பேர். சரி, போய் வேலை கிடைச்சவங்க மட்டும் கையை அப்படியே வச்சிருங்க. ரெண்டு. வாழ்த்துகள் அண்ணா, நீங்க ரெண்டு பேரும் டீ வாங்கிக் கொடுக்கணும்.

என் கதையைச் சொல்றேன். மெக்கானிக்கல் முடிச்சு ஒன்றரை வருஷம் சும்மா இருந்த நேரம். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில 2022ல உற்பத்தி நின்னுபோச்சு, அதை நம்பி இருந்த சின்னச் சின்ன உதிரிபாகக் கம்பெனிகள்ல ஆள் எடுக்கறதும் குறைஞ்சுது. அப்போ புனேவுல ஒரு கம்பெனியில இருந்து மெயில் வந்துது. வியாழக்கிழமை மெயில், திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நேர்ல வரணும். ஒரிஜினல் சான்றிதழ் எல்லாத்தையும் எடுத்துட்டு வரணும். பயணச் செலவு தரப்பட மாட்டாது, அது மட்டும் தடித்த எழுத்துல.

எங்க அம்மா கம்மலைக் கழட்டிக் கொடுத்தாங்க. திருக்கழுக்குன்றத்துல அடகு வச்சு ஐயாயிரம் வாங்கினோம். கணக்கு நான் ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தேன், இன்னும் இருக்கு. படிக்கிறேன். தட்கல் ஸ்லீப்பர் டிக்கெட் 710. அதை எடுத்துக் கொடுத்த பிரவுசிங் சென்டர்காரருக்கு 150. இங்கிருந்து செங்கல்பட்டு போய், அங்கிருந்து எழும்பூர் போய், அப்புறம் சென்ட்ரல் போனதுக்கு 50. புனேவுல ஆட்டோ 400. ராத்திரி தங்க லாட்ஜ் 900. சாப்பாடு, டீ, தண்ணி எல்லாம் சேர்த்து 560. போட்டோ, ஜெராக்ஸ் 130. சட்டையும் ஷூவும் 1,300. திரும்பி வரும்போது காசு தீர்ந்துபோச்சு, ஜெனரல் டிக்கெட் 310. மொத்தம் 4,510 ரூபாய்.

இன்டர்வியூ எவ்வளவு நேரம் நடந்துது தெரியுமா? பதினோரு நிமிஷம். வெளிய கடிகாரம் மாட்டியிருந்தாங்க, அதனால தெரியும். உள்ள ரெண்டு பேர். ஒருத்தர் என் பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், கல்பாக்கம் பக்கம்னு சொன்னதும் "அங்க கடல் இருக்குல்ல?"ன்னு கேட்டார். இன்னொருத்தர் வேற ஊருக்கு மாறி வேலை செய்யச் சம்மதமான்னு கேட்டார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தாண்டி வந்து முன்னாடி உட்கார்ந்திருக்கிறவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? கடைசியில, இந்தப் பணியிடத்தை இப்போதைக்கு நிறுத்தி வச்சிருக்கோம், பிறகு சொல்றோம்னு சொன்னாங்க. அதை வியாழக்கிழமை மெயில்லயே சொல்லியிருக்கலாம். போன்லயாவது சொல்லியிருக்கலாம். அம்மா கம்மல் காதுலயே இருந்திருக்கும்.

திரும்பி வந்த பயணத்தை மறக்கவே முடியாது. ஜெனரல் பெட்டியில கழிவறைக் கதவுக்குப் பக்கத்துல, ஒரு காலை ஊன்றி ஒரு காலைத் தூக்கி. சான்றிதழ் ஃபைலை சட்டைக்குள்ள வயித்தோட சேர்த்துக் கட்டிக்கிட்டேன். பக்கத்துல நின்ன பையன் பையை மேல வச்சிட்டுக் கண் அசந்தான், முழிச்சுப் பார்த்தா பை இல்லை. பத்தாவது, பன்னிரண்டாவது, டிப்ளமோ, சாதிச் சான்று எல்லாமே அதுல. அழக்கூட முடியாம நின்னான். யோசிச்சுப் பாருங்க, மொழி தெரியாத ஊர்ல ரயில்வே போலீஸ்ல புகார் எழுதி வாங்கணும். அப்புறம் ஒவ்வொரு அலுவலகமா ஏறி நகல் வாங்கணும். அதுக்கு மாசக் கணக்காகும். அந்த மாசங்கள்ல வர்ற எந்த இன்டர்வியூவுக்கும் அவன் போக முடியாது. இந்த இழப்பு எந்த நோட்டுக் கணக்குலயும் வராது.

இது தனியார் கம்பெனி கதை. அரசு எப்படி நடத்துதுன்னு பார்ப்போம்.

ரயில்வேயில உதவி லோகோ பைலட் வேலைக்கு 2024 ஜனவரியில அறிவிப்பு வந்துது. முதல்ல 5,696 இடம், பிறகு 18,799 ஆக உயர்த்தினாங்க. நம்ம பசங்க ஏராளமானோர் விண்ணப்பிச்சாங்க. முதல் கட்டத் தேர்வு நவம்பர்ல முடிஞ்சு, இரண்டாம் கட்டத் தேர்வு 2025 மார்ச் 19ன்னு தேதி வந்துது. மையம் எங்கன்னு பார்த்தா தமிழ்நாட்டுப் பசங்க நிறையப் பேருக்குத் தெலங்கானா. நமக்காவது செங்கல்பட்டு வழியா காச்சிகுடா எக்ஸ்பிரஸ் போகுது, ஏறி உட்கார்ந்தா காலையில இறங்கலாம். நாகர்கோவில் பையனையும் தென்காசிப் பையனையும் நினைச்சுப் பாருங்க. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. கட்சி வித்தியாசம் இல்லாம தமிழ்நாட்டுல எல்லாரும் கண்டிச்சாங்க. மையங்கள்ல இடம் போதலைன்னு பதில் வந்துது.

அப்புறம் என்ன நடந்துதுன்னு உங்களுக்கே தெரியும். கடன் வாங்கி, லீவு போட்டு, ராத்திரி முழுக்கப் பயணம் பண்ணிப் போய் மைய வாசல்ல நின்னவங்கள்ல பலருக்கு அங்கதான் தெரிஞ்சுது, தொழில்நுட்பக் கோளாறாம், தேர்வு தள்ளிவைப்பாம். மறுபடி மே மாசம் வரணுமாம். போன காசு போனதுதான்.

இதுல ஒரு சின்னக் கணக்கு இருக்கு, அதை நீங்க புரிஞ்சுக்கணும். நான் இன்னைக்குப் பேச வந்ததே முக்கியமா இதுக்குத்தான். ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி திறக்குது. 2024 நவம்பருக்கு முன்னாடி 120 நாளா இருந்துது, இப்போ 60. ஆனா தேர்வு எந்த ஊர்லன்னு ரயில்வே தேர்வு வாரியம் சொல்றது சுமார் பத்து நாளைக்கு முன்னாடி. நுழைவுச்சீட்டு வர்றது நாலு நாளைக்கு முன்னாடி. பத்து நாளைக்கு முன்னாடி போய்ப் பார்த்தா எந்த ரயில்லயாவது ஸ்லீப்பர்ல இடம் இருக்குமா? காத்திருப்புப் பட்டியல் 150, 200ன்னு இருக்கும். அதனால நமக்கு மிஞ்சறது தட்கல். ஸ்லீப்பர்னா நூத்துல இருந்து இருநூறு ரூபாய் கூடுதல், காலை பதினோரு மணிக்குத் திறந்து கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து பண்ணா ஒரு பைசா திரும்ப வராது. அதாவது தேர்வைத் தள்ளிவச்சது அவங்க, டிக்கெட் காசு போனது நமக்கு. அதுவும் கிடைக்கலைன்னா ஜெனரல் பெட்டி. ராத்திரி முழுக்க நின்னுட்டுப் போய்க் காலையில கணக்குப் போடணும். பக்கத்துத் தெருவுல தூங்கி எழுந்து வந்து எழுதறவனோட போட்டி போடணும். இதுக்குப் பேர் சம வாய்ப்பா?

ரயிலை ஓட்டறதும் அவங்கதான், தேர்வை நடத்தறதும் அவங்கதான். ஒரே துறை. ஒரு கை ஊரைச் சொல்ல மாட்டேங்குது, இன்னொரு கை தட்கலுக்குக் காசு வாங்குது.

மையம் ஒதுக்கறது ஒரு கம்ப்யூட்டர். விண்ணப்பத்துல நம்ம பின்கோடு இருக்கு. பக்கத்து மையத்தை முதல்ல நிரப்பு, பிறகு அடுத்ததுக்குப் போன்னு எழுதறது ரெண்டாம் வருஷம் படிக்கிற பையன் பண்ற வேலை. இடம் இல்லைன்னு சொல்றாங்க. தமிழ்நாட்டுல நானூறுக்கும் மேல பொறியியல் கல்லூரி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் கம்ப்யூட்டர் லேப் இருக்கு. செங்கல்பட்டுல இருந்து தாம்பரம் வரைக்கும் ஜி.எஸ்.டி. சாலையில போனாலே எத்தனை கல்லூரின்னு எண்ணிப் பாருங்க.

பெண்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே ரெட்டிப்பு. எங்க தெருவுல ஒரு அக்கா, எம்.எஸ்ஸி. முடிச்சவங்க. மும்பைக்கு எழுத்துத் தேர்வுக்கு அழைப்பு வந்துது. தனியா அனுப்ப வீட்டுல சம்மதிக்கலை, அப்பா கூடப் போனார். டிக்கெட் ரெண்டு, சாப்பாடு ரெண்டு, அப்பாவோட நாலு நாள் கூலியும் போச்சு. கொத்தனார் அவர். மையத்துக்கு வெளிய காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பிளாட்பாரத்துல உட்கார்ந்திருந்தாராம். அடுத்த தடவை அழைப்பு வந்தப்ப அந்த அக்கா வீட்டுல சொல்லவே இல்லை. கடிதத்தை மடிச்சு வச்சிட்டாங்க. எனக்கே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும். இப்படி மடிச்சு வச்ச கடிதம் எத்தனை வீட்டுல இருக்கோ.

2018ல நீட் தேர்வுக்கு நம்ம பிள்ளைங்களை எர்ணாகுளத்துக்கும் ராஜஸ்தானுக்கும் சிக்கிமுக்கும் அனுப்பினது ஞாபகம் இருக்கா? அந்த மே 6ஆம் தேதி, மகனை எர்ணாகுளத்துக்குக் கூட்டிட்டுப் போன ஒரு அப்பா, மகன் உள்ள எழுதிட்டு இருக்கும்போதே வெளிய மாரடைப்புல இறந்துபோனார். அந்தப் பையன் வெளிய வந்துதான் தெரிஞ்சுக்கிட்டான். அந்த வருஷம் வெளி மாநிலம் போற பிள்ளைங்களுக்குத் தமிழ்நாடு அரசு ஆயிரம் ரூபாயும் ரெண்டாம் வகுப்பு ரயில் கட்டணமும் அறிவிச்சுது. கடைசி நேரத்துல வந்த அறிவிப்புதான், ஆனா ஒண்ணு தெரியுது. அரசு நினைச்சா தரலாம்.

நம்ம ஊர்ல மட்டும் இல்லை இந்தப் பாடு. 2011 பிப்ரவரி 1, உத்தரப்பிரதேசம் பரேலி. இந்தோ திபெத் எல்லைப் போலீஸ்ல 416 இடத்துக்கு ஆள் எடுக்கறாங்கன்னு லட்சத்துக்கும் மேல பசங்க பல மாநிலங்கள்ல இருந்து வந்து குவிஞ்சாங்க. சமாளிக்க முடியலை, கலவரம் ஆச்சு. திரும்பிப் போக இடம் இல்லாம ஹிம்கிரி எக்ஸ்பிரஸ் கூரை மேல ஏறினாங்க. ஷாஜஹான்பூர் பக்கத்துல தாழ்வான பாலம். பதினைஞ்சுக்கும் மேற்பட்ட பசங்க அந்தக் கூரையிலயே செத்தாங்க. சமையல்காரர், துவைக்கிறவர், முடிதிருத்துபவர் மாதிரியான வேலைக்கு வந்த பசங்க அவங்க.

இன்னொண்ணும் சொல்லணும், கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க. 2003ல குவாஹாத்தியில ரயில்வே தேர்வு எழுத வந்த பீகார் பசங்களை அடிச்சாங்க. அதுக்குப் பதிலடியா பீகார்ல ரயில்கள்ல அடிச்சாங்க, மறுபடி அஸ்ஸாம்ல கொலைகள் விழுந்துது. 2008 அக்டோபர்ல மும்பையில தேர்வு மையத்துலயே புகுந்து வடக்கத்திப் பசங்களை அடிச்சாங்க. நம்ம பக்கத்துலயும் சில பேர் அப்படிப் பேசறாங்க, வாட்ஸ்அப்ல வருது. வேண்டாம். நம்ம ஊர் வேலை நம்ம பசங்களுக்கு வேணும்னு நாம கேக்கறது நியாயம், அதை ஆள் எடுக்கிறவன்கிட்டக் கேக்கணும். அணுபுரம் நகரியத்துல பாருங்க, மலையாளம், தெலுங்கு, இந்தி, வங்காளம் எல்லாம் கேக்குது. அவங்களும் ஒரு காலத்துல எங்கிருந்தோ ரயில் ஏறி இன்டர்வியூவுக்கு வந்தவங்கதான். சென்ட்ரல் ஸ்டேஷன்ல செய்தித்தாள் விரிச்சுப் படுத்திருக்கிற பீகார் பையனைப் பார்க்கும்போது எனக்குப் புனே ஞாபகம்தான் வருது.

இப்போ மோசடி. இதுல படிச்சவங்கதான் அதிகம் மாட்டறாங்க, அதனால சிரிக்காதீங்க. 2022ல தமிழ்நாட்டுல இருந்து 28 இளைஞர்கள் டெல்லிக்குப் போனாங்க. ரயில்வேயில டிக்கெட் பரிசோதகர், கிளார்க் வேலைன்னு சொல்லி ரெண்டு லட்சத்துல இருந்து 24 லட்சம் வரைக்கும் வாங்கியிருக்காங்க. பயிற்சின்னு சொல்லி புதுடெல்லி ஸ்டேஷன் பிளாட்பாரத்துல நிக்க வச்சு, தினமும் எட்டு மணி நேரம், எத்தனை ரயில் வருது, எத்தனை போகுது, எத்தனை பெட்டின்னு எண்ணச் சொல்லியிருக்காங்க. ஒரு மாசம் எண்ணியிருக்காங்க! மொத்தம் 2.67 கோடி ரூபாய் போயிடுச்சு. நல்ல எண்ணத்துல அந்தப் பசங்களை அறிமுகம் பண்ணி வச்ச விருதுநகர் பக்கத்து முன்னாள் ராணுவ வீரர் ஒருத்தரே ஏமாந்து, கடைசியில அவரே போலீஸுக்குப் போனார். அதே வருஷம் தாய்லாந்துல டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலைன்னு நம்பிப் போன ஐ.டி. பசங்களை எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்தி, சைபர் மோசடி வேலை பார்க்க வச்சாங்க. செப்டம்பர்ல வெளியுறவுத்துறை எச்சரிக்கை விட்டுது, அக்டோபர்ல நம்ம பசங்க 13 பேர் திரும்பி வந்தாங்க.

ஏன் ஏமாறறோம்? நேர்மையான இன்டர்வியூவும் இப்படித்தான் நடக்குது. திடீர்னு மெயில், தூரத்து ஊர், காசு நம்முது, கேள்வி கேக்கக் கூடாது. அசலும் போலியும் ஒரே மாதிரி இருந்தா எதை வச்சுப் பிரிச்சுப் பார்க்கறது?

ஆனாலும் சில விஷயம் நம்ம கையில இருக்கு. வேலைக்கு முன்னாடி காசு கேட்டா அந்த நிமிஷமே நிறுத்துங்க. அரசு வேலைன்னா அந்தத் துறையோட இணையதளத்துல உங்க பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்க. வெளிநாடுன்னா ஏஜென்ட் இ-மைக்ரேட் தளத்துல பதிவு பண்ணவரான்னு பாருங்க. நம்ம மாநில அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே இருக்கு, அங்க கேளுங்க. சான்றிதழை எல்லாம் டிஜிலாக்கர்ல ஏத்துங்க, ஒரிஜினலைக் கொண்டு வரச் சொன்னா மட்டும் கொண்டு போங்க. எஸ்.சி., எஸ்.டி. தம்பிங்களுக்கு ரயில்வே தேர்வுக்குப் போக இலவச ரெண்டாம் வகுப்புப் பாஸ் உண்டு, விண்ணப்பத்துலயே கேக்கணும், அழைப்புக் கடிதத்தோட வரும். இது தெரியாமக் காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. விண்ணப்பக் கட்டணம் 500ல முதல் கட்டத் தேர்வு எழுதினா 400 திரும்ப வரும், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி.க்கும் 250 முழுசா வரும். வங்கிக் கணக்கு எண்ணைத் தப்பாப் போட்டு அதையும் விட்டவங்க உண்டு. சில பொதுத்துறை நிறுவனங்கள் இன்டர்வியூவுக்கு ரயில் கட்டணம் திருப்பித் தரும், டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீங்க. தனியார் கம்பெனி கூப்பிட்டா, முதல் சுற்றை வீடியோ கால்ல வச்சுக்கலாமான்னு கேளுங்க. கூச்சப்படாதீங்க. நான் கேக்காம விட்டதாலதான் புனே போனேன்.

நம்ம கோரிக்கையை எழுதி வச்சிருக்கோம். மத்தியத் தேர்வுகளுக்கு விண்ணப்பதாரர் கேட்ட மாநிலத்துக்குள்ளயே மையம். ஊர் எதுன்னு ரயில் முன்பதிவு திறக்கறதுக்கு முன்னாடியே அறிவிப்பு. தேர்வைத் தள்ளிவச்சா போக வர ஆன செலவு முழுசா அவங்க பொறுப்பு. வேலை இல்லாத பட்டதாரி தேர்வுக்குப் போறப்ப தட்கல் கூடுதல் கட்டணம் கிடையாது. நம்ம தொகுதி எம்.பி. கையில மனு கொடுக்கப் போறோம். கீழ கையெழுத்து மட்டும் போட்டா ஒரு மனு, அதோட முடிஞ்சுது. அதனால ஒவ்வொருத்தரும் உங்க கணக்கை எழுதிக் கொடுங்க. எந்த வருஷம், எந்த ஊர், டிக்கெட் எவ்வளவு, லாட்ஜ் எவ்வளவு, எதை அடகு வச்சீங்க. பேர் போட விருப்பம் இல்லைன்னா வேண்டாம், ஊர் போதும். அந்த அக்காவும் எழுதிக் கொடுத்திருக்காங்க, மடிச்சு வச்ச கடிதத்தோட நகலையும் சேர்த்து.

அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், நெரும்பூர், திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பசங்களுக்கு ஒரே வாட்ஸ்அப் குழு ஆரம்பிச்சிருக்கோம். யாருக்கு எந்த ஊர்ல தேர்வுன்னு அதுல போடுங்க. ஒரே ஊருக்கு நாலு பேர் போறதா இருந்தா சேர்ந்து போங்க, லாட்ஜ் வாடகை நாலாப் பிரியும், ஃபைலை மாத்தி மாத்திக் காவல் காக்கலாம். பெண்கள் ரெண்டு மூணு பேர் சேர்ந்தா வீட்டுலயும் அனுப்புவாங்க. அந்தந்த ஊர்ல வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் நம்பரையும் சேகரிச்சுட்டு இருக்கோம். ஹைதராபாத்துக்கு மூணு பேர், பெங்களூருக்கு ஒன்பது பேர் கிடைச்சாச்சு. புனேவுக்கு இன்னும் யாரும் இல்லை, தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.

நோட்டு அந்த டேபிள்ல இருக்கு, பேனாவும் இருக்கு. முதல் பக்கத்துல என்னோட 4,510 எழுதியாச்சு. டீ வர்றதுக்குள்ள அடுத்தடுத்து எழுதிடுங்க. ரெண்டு அண்ணன்களும் மறந்துடாதீங்க, டீ உங்க செலவு.